வெந்நீர் உண்டு, ஓட்டு கிடையாது

பொங்கல் அன்று ராத்திரி எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். எங்கள் வயசான நாய் ரோஸியை லீவுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் ராத்திரி ஊட்டிக் குளிரில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார் என்று மறுநாள் காலையில் கோபத்தில் நான் போட்ட மூன்று வரியைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "ஒரு கிழட்டு நாய்க்காக ஊரைக் கூட்டணுமா?" என்று ஒருவர் எழுத, அதற்கு வரிசையாகக் கட்டைவிரல் விழுந்திருக்கிறது. சரி. ஊரைக் கூட்டியாகிவிட்டது. முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

நாலு நாள் லீவுக்கு மலையேறி வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு உண்டு, ரஜாய் உண்டு, காலையில் வாளி வாளியாக வெந்நீர் உண்டு. ரோஸியை எங்கே படுக்க வைப்பது, என்ன கொடுப்பது, எத்தனை காலம் வைத்துக்கொள்வது என்பதில் ஓட்டு கிடையாது. இந்தப் பதிவு முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். அவசரமாக இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம்.

ரோஸிக்கு 14 வயது. லேப் கிராஸ். லேப்ரடார் ஜாதி பொதுவாக 10, 12 வருஷம் இருக்கும் என்பார்கள், அதைத் தாண்டி நிற்கிறாள். பின்னங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டது. சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்திக்கொண்டு வருகிறது. அந்த நோய் வந்த நாய் நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறைய மூத்திரம் போகும். அடக்கவும் முடியாது. இதெல்லாம் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் வந்த அன்றே சொன்னேன். ஹாலில் படுக்கிறவர்கள் ராத்திரி ஏதாவது என்றால் என்னை எழுப்புங்கள், நான் துடைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

எழுப்பவில்லை. என் நாத்தனாரின் கணவர், நான் அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர், அவருடைய பெட்ஷீட் ஓரம் நனைந்துவிட்டது என்று கதவைத் திறந்து அவளை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். "நாய்தானேம்மா, வெளியதானே இருக்கும்" என்று காலையில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். சர்க்கரை கம்மியாக இருக்கிறது என்றும் சொன்னார்.

ஊட்டியில். ஜனவரியில். காந்தளிலும் தலைகுந்தாவிலும் விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிற மாதத்தில். அந்த உறைபனியைப் பார்க்கத்தான் இவர்களே ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விடியற்காலையில் வண்டியெடுத்துப் போனார்கள். அதைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு போட்டோ வேறு.

குளிரைக்கூட விடுங்கள். சிறுத்தை? குன்னூர், கோத்தகிரி, ஊட்டி எல்லா இடத்திலும் ராத்திரி வாசல் வரைக்கும் வந்து நாயைக் கவ்விக்கொண்டு போகிறது. சிசிடிவி வீடியோக்களைப் பார்க்காதவர்கள் இந்த மாவட்டத்தில் கிடையாது. அந்த வீடியோக்களைத் திருப்பூரிலிருந்து எங்களுக்கே ஃபார்வர்டு செய்து "பார்த்து இருங்க" என்று எழுதுகிறவர் யார் தெரியுமா? அதே அண்ணாதான்.

காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்தபோது படிக்குக் கீழே விறகு அடுக்கின சந்தில் கிடந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 98ஐ ஒட்டி நின்றது. "98 தானே, நார்மல்தானே?" என்று பின்னால் ஒரு குரல். மனிதருக்கு நார்மல். நாய்க்கு 101க்கு மேல் இருக்க வேண்டும். கம்பளியில் சுற்றி, வெந்நீர்ப் பையைத் துண்டில் மடித்து வயிற்றோரம் வைத்து (நேராகத் தோலில் வைத்தால் வெந்துவிடும்), கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றித்தான் மீட்டோம். நானும் என் அத்தையும் (மாமியார்தான்). மற்றவர்களுக்கு அன்று மாட்டுப் பொங்கல் வேலை இருந்தது. பக்கத்து வீட்டுப் பசுவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கழுத்தைக் கட்டிப்பிடித்து போட்டோ எடுத்து, ஜீவகாருண்யம் பற்றி ஸ்டேட்டஸ் வைக்கிற வேலை. கீழே என் வீட்டுக்காரரும் ஒரு இதயம் போட்டிருக்கிறார். அதை அவரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

இனி இதற்குச் சொல்லப்பட்ட சமாதானங்கள்.

"குழந்தைக்கு வீசிங் இருக்கு, நாய் முடி ஆகாது." நியாயம். ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் உள் அறையை ஒழித்து, அலசி, அவர்களுக்குக் கொடுத்தோம். அந்த அறையில் அவர்கள் என்ன கேட்டார்கள்? ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு படுக்க ஒரு கரிச்சட்டி. கணப்பு வேண்டுமாம், அதுதானே ஊட்டி அனுபவம். மூடின அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இந்த மலைகளில் லீவுக்கு வந்து அப்படிப் போனவர்கள் உண்டு. முடியாது என்று நான்தான் சொன்னேன், என் முகம் கடுகடுவென்று இருந்ததாக அதற்கும் ஒரு புகார். வீசிங் பற்றி எனக்கு வகுப்பு எடுக்காதீர்கள்.

"நாய் என்றாலே பயம், ரேபிஸ் வரும்." வெறிநாய்க்கடிக்கு வைத்தியம் பார்க்கவென்றே 1907ல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கின குன்னூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். வருஷா வருஷம் தடுப்பூசி போட்ட அட்டை ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது. அடுத்தது.

"சாப்பிட ஏதோ கொடுத்தா தப்பா?" தப்பு. குட்டிப் பையன் ஆசையாகச் சர்க்கரைப் பொங்கலை உருண்டை பிடித்துக் கொடுத்தான். அதில் உலர்திராட்சை. கமர்ஷியல் ரோட்டில் கிலோக் கணக்கில் வாங்கிய ஹோம்மேட் சாக்லேட்டையும் நீட்டினான். சாக்லேட்டில் தியோப்ரோமின் என்று ஒன்று இருக்கிறது. நமக்குச் செரித்துவிடும், நாய்க்குச் சீக்கிரம் செரிக்காது, இதயத்தைப் படபடக்க வைக்கும். கறுப்புச் சாக்லேட் இன்னும் மோசம். திராட்சை சிறுநீரகத்தையே அடிக்கும், இவளுக்கு ஏற்கெனவே அது பாதிதான். நல்லவேளை, இரண்டையும் வாயிலிருந்து பிடுங்கினேன். குழந்தையைத் திட்டினேன் என்று எழுதியிருக்கிறார்கள். திட்டவில்லை, அவன் பாவம். நான் முறைத்தது பின்னால் உட்கார்ந்து "கொடுடா செல்லம், கொடு" என்று வீடியோ எடுத்தவர்களை.

இன்னொருவர் கால் வலிக்கு அரை மாத்திரை பாரசிட்டமால் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வீட்டில் நாய் பூனை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள்: நம் வலி மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பூனைக்குப் பாரசிட்டமால் விஷம். நாய்க்கு ஐபுப்ரூஃபன் வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். குடும்பச் சண்டையில் இந்த ஒரு தகவலாவது யாருக்காவது உபயோகப்படட்டும்.

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். "ஏன் இப்படி வச்சு வதைக்கணும்? ஒரு ஊசி போட்டு நிம்மதியா அனுப்பிடலாமே." கேட்டவர் என் மச்சாண்டார், வீட்டுக்காரரின் அண்ணன். மூன்றாம் மனிதர் கேட்டிருந்தால் நின்று பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே யோசிக்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் ரோஸியை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவரே அவர்தான்! அப்போது அவர் இங்கேதான் வேலையில் இருந்தார், பிள்ளைகள் அழுதார்கள் என்று ஒரு அட்டைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்புறம் சென்னைக்கு மாற்றல். ஃப்ளாட்டில் நாய் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், ரெண்டு மாசம் பார்த்துக்கோ, ஏற்பாடு பண்ணிட்டுக் கூட்டிட்டுப் போயிடறேன் என்றார். அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியவில்லை. எனக்கோ அப்போது நாயைத் தொடவே அருவருப்பு. பிள்ளைகள் இப்போது காலேஜ், இன்ஸ்டாகிராமில் "மை பேபி" என்று பழைய குட்டி போட்டோவைப் போடுகிறார்கள். அந்த பேபிக்கு இப்போது மூத்திரத் துணி யார் அலசுவது என்று அவர்கள் கேட்டதில்லை. செலவு பற்றி நான் வாய் திறந்ததுமில்லை. ஸ்கேனுக்காகக் கோயமுத்தூருக்கு இறங்கின அன்று, குன்னூருக்குக் கீழே இருக்கிற 14 கொண்டை ஊசி வளைவிலும் அவள் வாந்தி எடுத்ததை என் மடியில்தான் வாங்கினேன்.

டாக்டரிடம் நானே கேட்டிருக்கிறேன். ஆமாம், ஊசி பற்றித்தான். அவர் திருப்பிக் கேட்டார்: தானாகச் சாப்பிடுகிறாளா? தூக்கிவிட்டால் நடக்கிறாளா? உங்களைப் பார்த்தால் வால் அசைகிறதா? நல்ல நாள் அதிகமா, கெட்ட நாள் அதிகமா? எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள், கெட்ட நாள் அதிகமாகும்போது பேசலாம் என்றார். காலண்டரில் எழுதிக்கொண்டுதான் வருகிறேன். அந்த நாள் வந்தால் நானும் டாக்டரும் முடிவு செய்வோம், அவள் தலை என் மடியில் இருக்கும். பொங்கல் லீவுக்கு வந்தவர்கள் வடை சாப்பிட்டுக்கொண்டே கை தூக்கி எடுக்கிற முடிவு இல்லை அது.

மறதியும் வந்துவிட்டது அவளுக்கு. மனிதர்களுக்கு வருகிற மாதிரியே வயசான நாய்களுக்கும் வருமாம். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழுக்க நடை. மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுவிடுவாள். கதவு திறக்கிற பக்கம் மறந்து, கீல் இருக்கிற பக்கத்தில் போய் மூக்கை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். என் அத்தைக்கும் ராத்திரியில் தூக்கம் கிடையாது. "அங்க இல்லடி, இந்தப் பக்கம் வா" என்று கூட்டிக்கொண்டு வந்து படுக்க வைப்பது அவர்தான். இந்த முறை அத்தையின் கட்டிலையும் விருந்தாளிகளுக்கு ஒழித்துக் கொடுத்தாகிவிட்டது. முழங்கால் தேய்ந்த மனுஷி திவானில் படுத்தார். அவர் பெற்ற பிள்ளைகள் யாரும் "அம்மா எங்க படுத்தாங்க?" என்று கேட்கவில்லை. கீசரில் தண்ணீர் போதவில்லை, நெட்வொர்க் வரவில்லை, காலையில் வர்க்கி சூடாக இல்லை. இதையெல்லாம் கேட்டார்கள். ஹோம்ஸ்டேயாக இருந்தால் ஒரு ஸ்டார் குறைத்திருப்பார்கள்.

"வருஷத்துக்கு ஒரு தடவை தாய்வீட்டுக்கு வர்றேன், அதுக்கு இந்த மரியாதையா" என்று நாத்தனார் அழுதாராம். தாய்வீடு. நல்ல வார்த்தை. எனக்கும் ஒன்று இருக்கிறது, காரமடையில். மலை இறங்கினால் மேட்டுப்பாளையத்துக்கு அடுத்தது. பொங்கல் சீர் கொண்டு என் அண்ணன் மேலே வருவார், வாசலோடு ஒரு காப்பி, உடனே திரும்பிவிடுவார், ஏனென்றால் இங்கே வீடு நிறைய ஆள். நான் இறங்கிப்போய் என் அம்மா வைக்கிற பொங்கலைச் சாப்பிட்டு எத்தனை காலமாகிறது என்று இந்தக் குடும்பத்தில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? அவர்களுக்கு மலை என்றால் லீவு. எனக்கு லீவு என்றால் கூடுதலாகப் பத்துப் பேருக்குச் சமையல், ரெண்டு வேளை மருந்து, ஈரத் துணி. வெயில் உறைக்காத மாதத்தில் அந்தத் துணியைக் காயவைத்துப் பாருங்கள், தெரியும்.

எங்கேயோ போய்விட்டேன். போகட்டும். அதுவும் சொல்ல வேண்டியதுதான்.

"குடும்ப விஷயத்தை வெளியே கொண்டுவரலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு: முதலில் நான் குடும்பத்துக்குள்தான் சொன்னேன். குரூப்பில் கட்டைவிரல்தான் கிடைத்தது. "நாயை விட மனுஷங்க முக்கியம்" என்கிறவர்களுக்கு: இருக்கட்டும். ஆனால் அன்று ராத்திரி அந்த மனுஷருக்கு என்ன நஷ்டம்? ஒரு பெட்ஷீட் ஓரம். அதையும் நான்தான் துவைத்தேன்.

ரோஸி இப்போது பரவாயில்லை. கேரட்டை வேகவைத்து மசித்துக் கொடுத்தால் சாப்பிடுகிறாள். விசாரித்தவர்களுக்கு நன்றி.

மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு எல்லாரும் வருவதாக ஏற்கெனவே பேச்சு அடிபடுகிறது. வரலாம். 2024லிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் உண்டு, எடுத்துக்கொண்டு வாருங்கள். அத்தை அவருடைய கட்டிலில்தான் படுப்பார். ரோஸி ஹாலில்தான் படுப்பாள். ராத்திரி தாழ்ப்பாளுக்குப் பூட்டு, அதன் சாவி என்னிடம் இருக்கும். பூட்டை இன்றைக்குத்தான் வாங்கிவந்தேன். இது ஒத்துவராதவர்களுக்குச் சேரிங் கிராஸ் பக்கம் லாட்ஜுக்குக் குறைவில்லை. சீசன் ரேட் போடுவார்கள், இப்போதே சொல்லி வையுங்கள்.