படகுகளை அப்புறப்படுத்தச் சொல்கிறவர்களுக்கு

கடற்கரையில் கிடக்கும் படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்தினால்தான் மாமல்லபுரம் உலகத் தரத்துக்கு உயரும் என்ற பேச்சு எங்கள் ஊரில் மறுபடியும் கிளம்பியிருக்கிறது. விடுதி நடத்துகிறவர்களில் சிலர் சொல்கிறார்கள். வார இறுதியில் சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் சொல்கிறார்கள். தேநீர்க் கடையில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரே சொன்னார். அவருக்கும் சுற்றுலாதான் சோறு போடுகிறது. மாடியில் அறைகளை வாடகைக்கு விடும் எனக்கும் அதுதான். ஆனாலும் இந்தப் பேச்சை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். அந்தக் கரை மீனவர்கள் வேலை செய்யும் இடம். வேடிக்கை பார்க்க வருகிற நாம்தான் அங்கே விருந்தாளிகள்.

ஊரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மீனவர் குடியிருப்பு இருக்கிறது. அதை ஒட்டித்தான் ஒத்தவாடைத் தெருவும், வெளிநாட்டவர் தேடி வரும் விடுதிகளும், மீன் வறுவலுக்குப் பெயர் பெற்ற உணவகங்களும். இங்கே துறைமுகம் கிடையாது. ஃபைபர் படகு விடியும் முன்னே மணலிலிருந்து இறங்கி, திரும்பி வந்து அதே மணலில் ஏற வேண்டும். ஏற்றிய படகுக்கு இடம் வேண்டும். சிக்கிய மீனைக் கழற்ற வலையை விரிக்க இடம் வேண்டும். கிழிந்த வலையை உட்கார்ந்து பின்ன நிழல் வேண்டும். நெத்திலி காய வெயில்படும் திறந்தவெளி வேண்டும். ஏலம் போடவும், பெண்கள் கூடை வைத்துப் பங்கு பிரிக்கவும் நாலு பேர் நிற்கும் இடம் வேண்டும். இவ்வளவும் சேர்ந்துதான் ஒரு மீன்பிடி ஊர். இதில் எதையாவது ஒன்றை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னால், தொழிலையே விட்டுவிடச் சொல்வதாகத்தான் பொருள். மாலையில் உணவகத்துத் தட்டில் வருகிற வஞ்சிரமும் சங்கராவும் கணவாயும், அப்புறப்படுத்தச் சொல்லப்படுகிற இதே படகுகளில் வந்தவைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், இந்தக் கரைக்கு மீன் கொண்டுவருவது இந்தச் சிறு படகுகள் மட்டுமே.

கரை சுருங்கிக்கொண்டே வருகிறது என்பதுதான் இதில் பெரிய கவலை. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலையோடு சேர்ந்து மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. அந்த ஓட்டத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு எதைக் கட்டினாலும் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா விரிந்ததும், வடக்கே ராயபுரம் முதல் கடல் ஊருக்குள் ஏறியதும் இப்படித்தான். புதுச்சேரியில் 1980களில் துறைமுகச் சுவர்கள் எழுந்ததும், நகரத்தின் மணற்கரையே காணாமல் போய்க் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. எங்கள் ஊரில் 8ஆம் நூற்றாண்டுக் கடற்கரைக் கோயிலைக் காக்க அதைச் சுற்றிப் பாறைகளைக் கொட்டினார்கள். கோயில் பிழைத்தது. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு வடக்கே இருக்கும் மக்களின் மணலுக்கு அதே அக்கறையோடு யாரும் கணக்குப் போடவில்லை. புயல் சின்னம் உருவாகும்போதெல்லாம் கடல் படகுகள் வரை ஏறி வருகிறது. டிராக்டர் வைத்துப் படகுகளைத் தெருவுக்கு இழுக்கிறார்கள்.

அதனால்தான் மீனவர்கள் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் என் மனத்தில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே ஒரு வளைவு போட்டால் அடுத்த அரிப்பு வடக்கே தேவனேரிக்குப் போகும். அங்கே ஒன்று போட்டால் அதற்கும் வடக்கே. கடலூர் முதல் சென்னை வரை மணல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று மொத்தமாகப் பார்த்து முடிவெடுக்காமல், ஊருக்கு ஒரு கல் குவியல் என்று கொடுத்துக்கொண்டே போவது ஒரு குப்பத்தின் கண்ணீரை அடுத்த குப்பத்துக்கு மாற்றிவிடுவதாகவே முடியும்.

இந்தப் பக்கம் கடல் நெருக்குகிறது. அந்தப் பக்கம் நாற்காலிகளும் குடைகளும் சுற்றுச்சுவர்களும் நெருக்குகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து வரும்போது இடது பக்கம் பாருங்கள். கடல் சாலைக்கு எவ்வளவு அருகில் இருந்தாலும், பெரும்பாலான தூரத்துக்குச் சுவர்தான் தெரியும். பத்திரத்தில் யாருடைய இடமாக இருந்தாலும், கடற்கரை பொதுவிடம். அதற்குப் போகும் பாதையும் அடைபடக் கூடாது. ஆனால் நடைமுறையில், வாயிற்காவலரைத் தாண்டித் தலைச்சுமையோடு கடலுக்குப் போக எந்த மீனவப் பெண்ணால் முடியும்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம்மில் பலர் படித்ததில்லை. கரையோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று சொல்லும் முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது. 2011இல் வந்த அறிவிக்கை, மீனவ ஊர்களின் பொது இடங்களான படகு நிறுத்துமிடம், வலை பின்னுமிடம், மீன் காயவைக்கும் இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, மக்கள்தொகை அடர்ந்த கிராமப்புறக் கரைகளில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. அலை ஏறி வரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் விட்டு, சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்களுக்கும் இடம் கொடுத்தது. எது வரைபடத்தில் இருக்கிறதோ அதுதான் அதிகாரியின் கண்ணுக்குத் தெரியும். 2023இல் வரைவு வரைபடங்கள் கருத்துக்கேட்புக்கு வந்தபோது, கரையோர மாவட்டங்களின் மீனவர்கள் எழுப்பிய முதல் புகாரே தங்கள் ஊர்களும் பொது இடங்களும் அவற்றில் விடுபட்டிருக்கின்றன என்பதுதான். தலைமுறை தலைமுறையாகப் படகு நின்ற இடம் வரைபடத்தில் வெறும் மணலாகக் கிடந்தால், நாளை அதில் யார் வேண்டுமானாலும் குடில் போட அனுமதி கேட்கலாம்.

இந்தப் பயம் கற்பனையில் பிறந்ததும் இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, 2005 மார்ச்சில் ஓர் அரசாணை வந்தது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் விரும்பினால் உள்ளே தள்ளிக் கட்டப்படும் புதிய வீட்டுக்குப் போகலாம். போனால் பழைய இடத்தை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். காலி செய்த இடம் பொதுப் பயன்பாட்டுக்கே என்று சொல்லப்பட்டது. ஆனாலும் பல ஊர்களில் மீனவர்கள் அதை நம்பவில்லை. நாங்கள் விலகினால் விடுதி வரும் என்றார்கள். சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள்கூட அந்தக் கடலை விட்டு நகர மறுத்ததைப் பலர் அறியாமை என்றார்கள். எனக்கு அது மிகத் தெளிவான கணக்காகத்தான் தெரிந்தது. கடல் கண்ணில் படாத இடத்திலிருந்து, நீரோட்டம் எந்தத் திசையில் போகிறது, மீனவர்கள் சொல்வதுபோல் தெண்டியா வன்னியா என்று எப்படிப் பார்ப்பது? பார்க்காமல் எப்படிக் கடலில் இறங்குவது?

ஊருக்குள் இருப்பவர்களின் பாடு வேறு வகை. 1984 முதல் இங்குள்ள சின்னங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். மூலைக்கு மூலை குடைவரையும் ரதமும் இருக்கிற ஊரில் இந்த வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஊரின் பெரும்பகுதியையே மூடிவிடுகின்றன. மகனுக்குத் திருமணமானால் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. சின்னங்களைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் அந்தக் காவலின் விலையை ஊரின் சிறு வீடுகள் கொடுக்க, வருமானம் வட்டத்துக்கு வெளியே எழும் பெரிய விடுதிகளுக்குப் போகிறது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செய்தித்தாளில் எங்கள் ஊரின் பெயர் எப்போது வருகிறது என்று பாருங்கள். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தார்கள். ஊர் பளபளத்தது, சாலைகள் புதிதாயின, மீனவர்களுக்கு மட்டும் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு. 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. 2021-22ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கையில் தாஜ்மகாலையே முந்தி மாமல்லபுரம் முதலிடம் பிடித்தது: இங்கே 1,44,984 பேர், அங்கே 38,922 பேர். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி இங்கே நடந்து, ஆண்கள் பிரிவில் இந்தியா வெண்கலம் வென்றது. அத்தனையும் எனக்குப் பெருமைதான். அலைச்சறுக்கை எங்கள் கரையில் வளர்த்தவர்களில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் என்பதில் கூடுதல் பெருமை.

அடுத்தபடியாகப் பெயர் வருவது யாராவது மூழ்கினால். ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்களோடு வரும் கல்லூரி மாணவர்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் பாதுகாப்பானது என்று நினைத்து இறங்குகிறார்கள். பெரும்பாலும் அதுதான் இழுப்பு இருக்கும் இடம். கரைக்கு வந்து குவியும் நீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். அந்த வழியில் நிற்பவனையும் கொண்டுபோகும். சிக்கினால் கரையை நோக்கி நீந்திக் களைத்துவிடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகுதான் திரும்ப வேண்டும். தயவுசெய்து இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். யாராவது மூழ்கும்போது முதலில் ஓடுவது யார் தெரியுமா? பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் மனிதர். அவருடைய படகு அங்கே நிற்பதால்தான் அதைத் தள்ளிக்கொண்டு போக முடிகிறது. படகில்லாத சுத்தமான கரையில் உங்கள் மகனை இழுத்துவர யார் இருப்பார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. மாசி மகத்தன்று இந்தக் கரைக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா? பல மாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்வார்கள். சேலைகளைக் கட்டிக் கூடாரம் அமைத்து, மணலிலேயே படி வைத்துக் கன்னியம்மனுக்குக் கோயில் எழுப்பி, முழு நிலவில் இரவெல்லாம் பாடி ஆடுவார்கள். விடியற்காலையில் கடலின் முன்னால் பூசையும் திருமணங்களும் நடக்கும். பெரிய செலவில்லாமல் நடக்கும் அந்தத் திருமணங்களைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும். அவர்களிடம் பட்டா இல்லை, முன்பதிவு இல்லை. கரை திறந்திருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் வருகிறார்கள். கரையை அளந்து வாடகைக்கு விடும் திட்டம் எதுவானாலும், மாசி மகத்து இரவில் இவர்கள் எங்கே படுப்பார்கள் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும்.

ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் முட்டையிடக் கரையேறும் காலம். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சுத் திணறியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. பொரிந்து வரும் குஞ்சுகளுக்கோ கரையில் எரியும் விளக்குகள் பகை. கடலின் வெளிச்சம் என்று நினைத்து விடுதியை நோக்கி ஊர்கின்றன. அந்த மூன்று நான்கு மாதங்கள் கடல் பக்கத்து விளக்குகளை இரவில் அணைத்து வைப்பது எந்த விடுதிக்கும் நஷ்டம் தராது.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. படகு நிற்கும் இடம், வலை விரிக்கும் இடம், ஏலக் களம் எல்லாவற்றையும் மீனவப் பஞ்சாயத்தார் கூடவே நடந்து அளந்து, சர்வே எண்ணோடு வரைபடத்தில் ஏற்றுங்கள். கடலுக்குப் போகும் ஒவ்வொரு பொதுப் பாதையிலும் தமிழில் பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். வார இறுதியில் உயிர்காப்பாளர்களாக இந்த ஊர் இளைஞர்களையே மாதச் சம்பளத்தில் நியமியுங்கள். இந்தக் கடலை அவர்களைவிட யாருக்குத் தெரியும்? குப்பைத் தொட்டியும் கழிப்பறையும் வையுங்கள். கரை நாறுகிறது என்று மீன் காயவைக்கும் பெண்களைக் குறை சொல்கிறவர்கள், திங்கட்கிழமை காலையில் மணலில் கிடக்கும் மதுப்புட்டிகளை வந்து பார்க்கட்டும். கண்ணாடிச் சில்லு கிழிப்பது அந்தப் பெண்களின் காலைத்தான்.

வரைபடத்தில் விடுபட்ட இடங்களைக் குறித்து மனு எழுதும் வேலையை நண்பர்கள் சிலர் தொடங்கியிருக்கிறோம். தேவனேரி, கொக்கிலமேடு, சாலுவன்குப்பம், பட்டிபுலம் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், உங்கள் கரையில் படகு நிற்கும் இடத்தையும் கடலுக்குப் போகும் பாதையையும் படம் எடுத்து, பெரியவர்கள் அந்த இடத்தை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பதையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். மழைக்காலம் தொடங்கிக் கரை மறுபடி உருமாறுவதற்குள் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்துவிட வேண்டும்.