கார்டைத் தடை செய்யுங்கோ, பொடியனை விடுங்கோ

போயா விடுமுறைக்கு எங்கட மெஜிக் கார்ட் விளையாட்டுக் குழுவின்ர போட்டியில நடந்தது குழுவில இருக்கிற எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லத் தேவையில்ல. போட்டியை நடத்தின ஆளிட்ட இருந்து இரவு பதினொன்றே காலுக்கு வந்த அந்தக் குரல் பதிவை ரெண்டு தரம் கேட்டன். ஸ்கல்கிளாம்ப் எண்ட கார்ட் இண்டையில இருந்து தடை. அதால பகல் நடந்த போட்டியின்ர முடிவும் செல்லாது. பரிசைத் திருப்பித் தரோணும். மூண்டே மூண்டு வசனம். முதல் வசனத்தோட எனக்கு ஒரு பிணக்கும் இல்ல. மற்ற ரெண்டும்தான் மூண்டு நாளா என்னை நித்திரை கொள்ள விடேல்ல.

கிளாம்ப் ஓவரான கார்ட், அளவுக்கு மிஞ்சின பலம். அதை நான் மறுக்கேல்ல. மறுக்கிறதென்ன, இந்தக் குழுவில அதை முதல்ல சொன்னதே நான்தான். மாசி மாசம், உவர்மலையில ஒராளின்ர வீட்டு விறாந்தையில இருந்து மெஜிக் விளையாடேக்க சொன்னன். மனா எண்டுறது விளையாட்டுக்குள்ள கார்டுக்குக் குடுக்கிற செலவு, உயிர் எண்டுறது சண்டைக்கு இறக்கிற கார்ட். கிளாம்பை இறக்க ஒரு மனா, ஒரு உயிரில மாட்ட இன்னொரு மனா. மாட்டின உயிருக்குத் தாக்கும் பலம் ஒண்டு கூடும், தாங்கும் பலம் ஒண்டு குறையும். அந்த உயிர் செத்தா ரெண்டு கார்ட் இழுக்கலாம். தாங்கும் பலம் ஒண்டே ஒண்டா இருக்கிற குட்டி உயிரில மாட்டினா அது அந்த இடத்திலயே சாகும், ரெண்டு கார்ட் கைக்கு வரும். குறையா எழுதின அந்தக் கழித்தல் ஒண்டுதான் கார்டின்ர முழுப் பலமும். அதோட அதுக்கு நிறம் இல்ல, எந்த டெக்கிலயும், அதாவது ஆள் கொண்டுவாற எந்தக் கார்ட் கட்டிலயும், போய்க் குந்தும். ஒரு உயிருக்கு ஒரு மனா, ரெண்டு கார்ட். எந்த டெக் இந்தக் கணக்கைத் தாங்கும்?

இது நான் கண்டுபிடிச்ச புதினமும் இல்ல. டார்க்ஸ்டீல் தொகுதியில 2004 பெப்ரவரியில வந்த கார்ட், அதே வருஷம் ஜூன் மாசமே ஸ்டாண்டர்ட் எண்ட போட்டி முறையில தடை. 2011 இல மொடேன் எண்ட இன்னொரு போட்டி முறையைத் தொடங்கேக்க முதல் தடைப்பட்டியலிலயே பேர் இருந்தது. இவ்வளவையும் மாசியில சொல்லி, தடை வேண்டாமெண்டா மாட்டுற செலவை ரெண்டாக்கிப் பாப்பம், அதுவும் சரிவராட்டித் தடை செய்வம் எண்டு கேட்டன். "சின்னக் கார்டுக்கு ஏனண்ணை இவ்வளவு பயம்" எண்டு சிரிச்சாங்கள். சிரிச்ச ஆக்கள் இப்ப வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறீங்கள்.

மாசியில சிரிப்பா இருந்த கார்ட் போயா இரவு எப்பிடிக் குற்றமாச்சு? இடையில கார்டில ஒரு எழுத்தும் மாறேல்ல. அதைப் போட்டு வெண்டது ஒரு பதினாலு வயசுப் பொடியன். மாறினது அது மட்டும்தான்.

அவன் என்ர மருமகன் எண்டபடியால்தான் நான் கொதிக்கிறனாம். ஓம், மருமகன்தான், நான் ஒளிக்கேல்ல. ஆனா வேறை ஆரின்ர பிள்ளைக்கு இது நடந்திருந்தாலும் விதி விதிதானே? போட்டி தொடங்க முதல் சொன்ன விதியைத்தான் போட்டி முடிஞ்ச பிறகும் பாக்கோணும். காலையில ஒன்பது மணிக்கு எல்லாற்ர டெக்கையும் போட்டியை நடத்தின நீங்கள்தான் பாத்தீங்கள். அவன்ர அறுபது கார்டையும் மேசையில விரிச்சு வைச்சவன். கிளாம்ப் அதுக்குள்ள கிடந்தது, ஒண்டே ஒண்டு. நாலு வைக்கலாம் எண்டிருக்கேக்க ஒண்டு. "சரி, ஏறு" எண்டுதானே சொன்னீங்கள்?

கடைசி ஆட்டத்தில அவனுக்குப் பின்னால நிண்டு பாத்தனான். டியூசன் மண்டபத்தில மின்விசிறி ஒண்டுதான் சுத்தினது. அவன்ர மூண்டாவது சுற்றில கிளாம்ப் இறங்கினது. அதுக்குப் பிறகு அவன்ர கை கார்டால நிறைஞ்சு, அந்தச் சின்ன விரலுக்குள்ள அடங்காமல் ரெண்டு கார்ட் வழுக்கி மடியில விழுந்திட்டுது. எதிரில இருந்த ஆள் பாக்காமல் அவசரமா எடுத்து நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சான். அவ்வளவு கார்ட் கையில இருந்தும் உடன தாக்கேல்ல. ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கம் எத்தனை மனா மிச்சம் கிடக்கெண்டு வாய்க்குள்ள எண்ணினவன். கார்ட் தனிய வெண்டதெண்டு சொல்லுற ஆக்கள் அந்த மேசைக்குக் கிட்ட வந்து பாத்தனீங்களோ?

உலகத்தில இது எப்பிடி நடக்குதெண்டும் பாருங்கோ. 2024 ஜூனில ஆம்ஸ்டர்டாமில மொடேன் ஹொரைசன்ஸ் 3 புரோ டூர் எண்ட பெரிய மெஜிக் போட்டி நடந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த சைமன் நீல்சன் நாடு எண்ட கார்டை வைச்சு வெண்டார் (ஊர், நாடு எண்டுற நாடு இல்ல, பறவையொண்டின்ர பேர்). ஆகஸ்ட் 26 அந்தக் கார்டுக்கு மொடேன் முறையில தடை. வடிவமைச்ச மைக்கேல் மேஜர்ஸ், கடைசி நேரத்தில கார்டின்ர வாசகத்தை மாத்தினதையும், மாத்தினதை விளையாடிச் சோதிக்காமல் விட்டதையும் தானே எழுதினார். பிழை கார்டைச் செய்த ஆக்களில எண்டு செய்த ஆக்களே ஒத்துக்கொண்டாங்கள். நீல்சனிட்ட ஆராவது கிண்ணத்தைத் திருப்பிக் கேட்டாங்களோ? 2019 இல ஓக்கோ எண்ட கார்ட் வந்தது. ஒக்டோபர் 4 வெளியீடு, நவம்பர் 18 ஸ்டாண்டர்டில தடை அறிவிப்பு, ஒண்டரை மாசம்தான். இடையில அதை வைச்சு வெண்டவையின்ர வெற்றியை ஒருத்தரும் அழிக்கேல்ல. தடை எண்டுறது நாளைக்கு. நேற்றைக்கு இல்ல.

"அது கொம்பனிக்காரன்ர போட்டி, இது எங்கட ஊர் விளையாட்டு, இவ்வளவு சட்டம் தேவையோ" எண்டு ஒராள் கீழ எழுதுவார், எனக்குத் தெரியும். சரி, ஊர் விளையாட்டையே எடுப்பம். என்ர அப்பப்பா டச்பே கடற்கரையில பின்னேரத்தில முன்னூற்றுநாலு எண்ட சீட்டு விளையாடினவர். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனமும் சேர்த்து 304. ராசாவை விட ஜாக் பத்து மடங்கு பெரிசு. அதை ஒருத்தரும் ஓவர் எண்டு சொன்னதில்ல, ஏனெண்டா கலைச்சுப் போடேக்க ஆருக்கும் வரலாம். ஒருநாள் அப்பப்பாவின்ர கைக்கு மூண்டு ஜாக் வந்தது. தோத்தவர் துவாயை உதறித் தோளில போட்டுக்கொண்டு எழும்பிப் போனார், அடுத்த நாள் பின்னேரம் அதே இடத்தில வந்து குந்தினார். வெண்ட ஆட்டத்தைத் திருப்பித் தா எண்டு கேக்கேல்ல.

எங்கட விளையாட்டில கார்ட் கலைச்சு வாறதில்ல, காசு குடுத்து வாறது. அதாலதான் சமப்படுத்துறது முக்கியம் எண்டு மாசியில இருந்து கத்துறன். சமப்படுத்துறதெண்டா எல்லாருக்கும் ஒரே தராசு வேணும். குழுவில ஒராளிட்ட மனா கிரிப்ட் எண்ட கார்ட் இருக்கு. இறக்க ஒரு மனாவும் தேவையில்ல, ஒவ்வொரு முறையும் ரெண்டு மனா தரும். லெகசி எண்ட போட்டி முறையில தடை. கொமாண்டர் முறையில 2024 செப்டெம்பர் 23 தடை. அது எங்கட மேசையில விழேக்க எல்லாரும் எழும்பி நிண்டு படம் எடுத்தனீங்கள். விலை கூடின கார்ட், வைச்சிருக்கிற ஆளும் பெரிய ஆள். பொடியன்ர கிளாம்ப், கனடாவில இருக்கிற சித்தப்பா அனுப்பின கொமாண்டர் டெக்குக்குள்ள கிடந்தது. பிஸ்கட் டின்னுக்குள்ள வைச்சுத் திரியிறவன். அதுக்குத்தான் இரவோட இரவாச் சட்டம் வந்தது.

"அண்ணை, மனா கிரிப்டை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீங்கள்" எண்டு கேக்காதேங்கோ. கட்டாயம் இழுப்பன்.

தோத்தவைக்கும் மனவருத்தம் இருக்குமெண்டு சொன்ன தம்பிக்கு: உண்மைதான். அந்தக் கார்டுக்கு எதிரா ஒண்டும் செய்யேலாமல் இருந்து பாக்கிறது எவ்வளவு எரிச்சலெண்டு எனக்கும் தெரியும், அவனோட வீட்டில விளையாடி எத்தனை தரம் தோத்திருக்கிறன். அந்த எரிச்சலுக்கு மருந்து அடுத்த போட்டிக்கு முதல் தடை போடுறது. பொடியன்ர வெற்றியைப் பறிக்கிறது மருந்தில்ல.

பரிசு ரெண்டு பூஸ்டர் பக்கற்று, புதுக் கார்ட் அடைச்ச உறை. அவன் உடைக்கேல்ல. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வரேக்க, எல்லாரும் பாக்க உடைக்கோணும் எண்டு டின்னுக்குள்ள வைச்சிருந்தவன். குரல் பதிவைத் தாயின்ர போனில கேட்டிருக்கிறான். விடியக் காலமை பாலையூற்றில இருந்து சைக்கிளில போய்க் குடுத்திட்டு, திரும்பி வரேக்க என்ர வீட்டுப் படலையடியில இறங்காமல் நிண்டான்.

"மாமா, நான் அளாப்பினனானோ?"

இல்லையடா எண்டு சொன்னன். தலையை ஆட்டிப்போட்டுப் போனான். நம்பினவன் மாதிரித் தெரியேல்ல. டின் இப்ப அலுமாரிக்கு மேல கிடக்கெண்டு தங்கச்சி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளாம்புக்கு வாக்கெடுங்கோ, தடை செய்யச் சொல்லி முதல் கை நான் தூக்குறன். மனா கிரிப்டுக்கும் அண்டைக்கே வாக்கெடுங்கோ. ஆனா அதுக்கு முதல் அந்த ரெண்டு பக்கற்றையும் திருப்பி வாங்கின ஆளே பாலையூற்றுக்குக் கொண்டுவந்து அவன்ர கையில குடுக்கோணும். அதுவரைக்கும் நான் மேசைக்கு வரமாட்டன்.