‘நான்’ இல்லாத மன்னிப்பு

(நண்பனின் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது தம்பி சுவரில் உரசிவிட்டான். “உனக்கு ஓட்டவே தெரியாது” என்று நண்பன் சொல்ல, பத்து நாளாகப் பேச்சு இல்லை. இப்போது அரை மணி நேரமாக ஒரே மெசேஜை அடித்து அடித்து அழிக்கிறான். பக்கத்தில் அக்கா துணி மடிக்கிறாள். நிறையப் படித்தவள், துணி மடிக்கும்போதும் அது வெளியே வந்துவிடும்.)

தம்பி: முடிவு பண்ணிவிட்டேன் அக்கா. ஈகோவைத் தூக்கிப் போட்டாயிற்று. மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

அக்கா: நல்லது. படி, கேட்போம்.

தம்பி: “நான் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தேன். இருந்தாலும் நானே முதலில் இறங்கி வருகிறேன்...”

அக்கா: எங்கேயிருந்து இறங்குகிறாய்? அவன் தரையில்தானே நிற்கிறான்? அந்த இரண்டு ‘நானை’யும் முதலில் எடு.

தம்பி: சரிதான். ‘யான் எனது என்னும் செருக்கு அறுப்பான்’ என்று 346-வது குறளே சொல்கிறது. அறுத்தால் வானோர் உலகத்துக்கும் மேலே இடமாம்.

அக்கா: அது துறவு அதிகாரம்டா. அவன் கடைசியாக எப்போது ஆன்லைனில் வந்தான் என்று பார்ப்பதையே நீ இன்னும் துறக்கவில்லை.

தம்பி: இதோ, ‘நான்’ போயாச்சு. “பொறுத்தேன். யோசித்தேன். மன்னித்தேன்.”

அக்கா: மன்னித்தாயா! கார் யாருடையது?

தம்பி: அவனுடையது...

அக்கா: அப்புறம், உன் ‘நான்’ எங்கேயும் போகவில்லை. பொறுத்தேன், யோசித்தேன் என்று வால் பிடித்துக்கொண்டு நிற்கிறது பார். ‘ஏன்’ விகுதி. தமிழில் ‘நானை’ வாசல் வழியாக அனுப்பினால் கொல்லைப்புறமாக வந்துவிடும்.

தம்பி: இலக்கணத்திலேயே ஈகோவா! அதையும் வெட்டுகிறேன். (அடிக்கிறான்) “கார் உரசப்பட்டது. வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.”

அக்கா: இது மன்னிப்பா, மின்தடை அறிவிப்பா? உரசியது யார்?

தம்பி: அந்தச் சுவர் கொஞ்சம் வெளியே வந்திருந்தது.

அக்கா: உன்னைப் பார்க்க வந்திருக்கும்.

தம்பி: சத்தியமாக, நான் எல்லோரையும்விட நன்றாக ஓட்டுவேன் அக்கா.

அக்கா: 1981-ல் ஓலா ஸ்வென்சன் என்ற ஆராய்ச்சியாளர் இதைத்தான் கேட்டார். அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர், ஓட்டுவதில் தாங்கள் மேல்பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள்.

தம்பி: மீதி 7 சதவீதம் உண்மையிலேயே மோசமாக ஓட்டியிருப்பார்கள், பாவம். (யோசிக்கிறான்) இந்த ஈகோவையே ஒழித்துக்கட்டினால்தான் நிம்மதி.

அக்கா: யாரை ஒழிக்கப் போகிறாய்? மனசை ஆராய்ந்த டாக்டர் ஃப்ராய்ட் 1923-ல் இதைப் பற்றி எழுதியபோது ஜெர்மன் மொழியில் ‘இஹ்’ என்றுதான் எழுதினார். வெறும் ‘நான்’. இங்கிலீஷுக்குக் கொண்டுபோனவர்கள்தான் லத்தீனில் ‘ஈகோ’ என்று மாற்றினார்கள். அவர் சொன்னது திமிரை இல்லை. உள்ளே ஆசை இழுக்கும், மேலே மனசாட்சி அதட்டும், வெளியே உலகம் இடிக்கும். மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறதே ஒரு ஜீவன், அதை.

தம்பி: நம்ம மாமாவைப் போல.

அக்கா: (மடித்த சட்டையை உதறி மறுபடி மடிக்கிறாள்) உங்க மாமாவை விடு. அந்த ஜீவனையும் அனுப்பிவிட்டால், மன்னிப்புக் கேட்க வீட்டில் ஆள் இருக்காது. எழுது: “நான்தான் உரசினேன். கவனிக்கவில்லை. மன்னித்துவிடு.”

தம்பி: “நா... ன்...” அக்கா, இந்த ஒரு ‘நான்’ மட்டும் ஏன் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது?

அக்கா: முதலில் எழுதினாயே, அந்த இரண்டும் வழுக்கிக்கொண்டு வந்ததே!

(தம்பி கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறான். உடனே பதில் வருகிறது.)

அக்கா: என்னவாம்?

தம்பி: “விடுடா, நான்தான் முதலில் மன்னிப்புக் கேட்கணும்னு இருந்தேன்” என்கிறான்.

அக்கா: அப்பாடா.

தம்பி: என்ன அப்பாடா? இதிலும் அவன்தான் முதலாமா? (வேகமாக அடிக்கிறான்) “இல்லை, நான்தான் முதல்...”

அக்கா: ஃபோனைக் கொடு இங்கே!