தீபாவளிக்கு ஆன்லைனில் பரிசு வாங்குகிறீர்களா? முதலில் அளவு டேப்பை எடுங்கள்

ஒவ்வொரு தீபாவளிக்குப் பிறகும் தெருமுனையில் குவிகிற அட்டைப்பெட்டிகளையும் பபுள் ரேப்பையும் படமெடுத்துப் போட்டு ஆதங்கப்படுகிறோம். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் அதைவிடப் பெரிய வீண், நம் கண்ணில் படாமல் திரும்பிப் போகிற பார்சல்தான். சைஸ் சேராத ஒரு குர்தா வந்த தூரமெல்லாம் திரும்பப் போகிறது. கிடங்கில் பிரித்துச் சரிபார்த்து, மடித்து, புதுக் கவரில் போட வேண்டும். டேக் அறுந்திருந்தாலோ கறை பட்டிருந்தாலோ புதுச் சரக்காக விற்க முடியாது. கிடைத்த விலைக்கு மொத்தமாகத் தள்ளிவிடுவார்கள். பண்டிகைத் துணி திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் பண்டிகையே முடிந்திருக்கும். ஆர்டர் போடும் முன் நாம் செலவழிக்கிற பத்து நிமிடம், பேப்பர் கவரா பிளாஸ்டிக் கவரா என்ற விவாதத்தைவிட அதிகம் மிச்சப்படுத்தும் என்று உறுதியாகச் சொல்வேன்.

துணியில் தவறு எங்கே நடக்கிறது? அளவு அட்டவணைகள் இரண்டு வகை: உடல் அளவு, தைத்த ஆடையின் அளவு. போடுவதற்குத் தளர்ச்சி வேண்டும் என்பதால் ஆடை அளவு பொதுவாக 2 முதல் 4 அங்குலம் கூடுதலாக இருக்கும். ஒன்றை இன்னொன்றாக எண்ணிப் பார்த்தால் ஒரு சைஸ் மாறிவிடும். பரிசு பெறுகிறவருக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு சட்டையைப் பொத்தான் போட்டுத் தரையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை டேப்பை வையுங்கள். 21 அங்குலம் வந்தால் இரண்டு மடங்கு, அதாவது 42. அதை ஆடை அளவோடு ஒப்பிடுங்கள். உடல் அளவு மட்டும் கொடுத்திருந்தால் மார்பைச் சுற்றித்தான் அளக்க வேண்டும். அளக்க வழியில்லையா, சைஸே இல்லாததை வாங்குங்கள்: 4 முழம் அல்லது 8 முழம் வேட்டி, துண்டு, போர்வை, பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய், செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டான். மூன்று சைஸ் வரவழைத்து இரண்டைத் திருப்பி அனுப்பும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கைத்தறி என்று போட்டிருப்பதெல்லாம் கைத்தறி இல்லை. சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-லேயே சட்டம் வந்தும், விசைத்தறித் துணி அந்தப் பெயரில் விலை போகிறது. 2006-ல் வந்த கைத்தறி முத்திரை லேபிள் இருக்கிறதா என்று கேளுங்கள். கரையின் ஓரத்தை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கைத்தறி என்றால், நெய்யும்போது துணி சுருங்காமல் அகலத்தை இழுத்துப் பிடிக்கும் குச்சியின் ஊசித் துளைகள் அங்கே பெரும்பாலும் தெரியும். 1935-லிருந்து இயங்கும் கோ-ஆப்டெக்ஸ் ஆன்லைனிலும் விற்கிறது, கைவினைப் பொருளுக்கு அரசின் பூம்புகார் கடைகள் இருக்கின்றன. நெசவாளருக்கும் கைவினைஞருக்கும் நேரே பணம் போகிற கூட்டுறவு சங்கம் கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு.

அடுத்தது தேதி. மூன்று வாரம் முன்னதாக ஆர்டர் போட்டால் சரக்கு லாரியில் நிறைந்து வரும். கடைசி நாலு நாளில் போட்டால் விமானம் ஏறும், இல்லையென்றால் பாதி காலியான வண்டியில் அவசரமாக வரும். ஒரே கூடையில் ஐந்து பொருள் போட்டாலும் ஐந்து விற்பனையாளர் என்றால் ஐந்து பெட்டிதான். யார் விற்கிறார்கள், எந்த ஊர் என்பதைப் பொருளின் பக்கத்திலேயே பாருங்கள்; 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பனையாளர் முகவரி நமக்குத் தெரிய வேண்டும். முடிந்தவரை ஒருவரிடமே வாங்குங்கள். மதுரையில் இருக்கும் அத்தைக்கான பரிசைச் சென்னைக்கு வரவழைத்து மறுபடி கூரியர் போடாமல் நேரே மதுரைக்கு அனுப்புங்கள். ஆனால் அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவருடைய செல் நம்பரையே கொடுங்கள். வீடு பூட்டி, போனும் எடுக்கவில்லை என்றால் இரண்டு மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் பார்சலைத் திருப்பிவிடுவார்கள். கேஷ் ஆன் டெலிவரியில் பணம் எடுத்து வைக்காததாலும் இதே கதி.

பேக்கிங்கைப் பற்றி விற்பனையாளரிடம் பேசலாம், குறிப்பாக வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் சிறு கடைகளிடம். கூரியர் கட்டணம் எடைக்கு மட்டுமில்லை, இடத்துக்கும்தான். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கிப் பல நிறுவனங்கள் 5000-ஆல் வகுக்கின்றன. 30×25×20 பெட்டியில் அரைக் கிலோ பொருள் இருந்தாலும் 3 கிலோவுக்குப் பணம். சின்னப் பெட்டி கேட்டால் அவருக்கும் லாபம். அதற்காக மண் பொம்மையையும் பீங்கானையும் வெறும் பெட்டியில் அனுப்பச் சொல்லாதீர்கள். உடைந்து போனால் பொருளும் பயணமும் சேர்ந்தே வீண். கசக்கிய செய்தித்தாளோ வைக்கோலோ எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. தின்பண்டத்தை மட்டும் செய்தித்தாள் தொடவே கூடாது, அச்சு மை ஒட்டும்.

பளபளப்பான பரிசுத் தாளைக் கையில் கசக்கி விடுங்கள். தானாக விரிந்தால் அதில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, பழைய பேப்பர் கடைக்குப் போகாது. அதற்குப் பதில் மஞ்சப்பையில் போட்டுக் கொடுங்கள், பையும் பரிசாகிவிடும். 'மக்கும் பிளாஸ்டிக்' கவர் என்றால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். சான்று இருந்தாலும் பெரும்பாலானவை உரம் தயாரிக்கும் ஆலையின் சூட்டில்தான் மக்கும், வீட்டுத் தொட்டியில் அப்படியே கிடக்கும்.

பெற்றோருக்குக் கொடுக்க ஒரு யோசனை: மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. (BLDC) மோட்டார் மின்விசிறி. பழையது 75 வாட் என்றால் இது சுமார் 30 வாட். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 160 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ரிமோட்டும் சர்க்யூட் போர்டும் தனியாகக் கிடைக்குமா, அந்த ஊரில் சர்வீஸ் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், போர்டு போனால் மொத்த விசிறியையும் தூக்கிப் போடும்படி ஆகிவிடக் கூடாது.

பட்டாசை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று ஆன்லைன் பட்டாசு விற்பனைக்குத் தடை விதித்தது. முன்பணம் கட்டி ஏமாந்தால் முறையிடவும் கஷ்டம்.

பெட்டி வந்ததும் பிளாஸ்டிக் டேப்பை உரித்துவிட்டு, தட்டையாக மடித்து, நனையாத இடத்தில் வையுங்கள். ஈரமான அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடுக்க மாட்டார். பெயரும் போன் நம்பரும் இருக்கும் லேபிளை முதலில் கிழித்துவிடுங்கள். அதையும் குப்பையில்தான் போட வேண்டும், வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாள் மறுசுழற்சிக்கு ஆகாது.