திருச்சி சிவா மசோதா: ஒரு தகவல் திருத்தம்

'எதிர்க்கட்சி எம்.பி.க்கள் கூச்சல் போடுவதோடு சரி, ஏழை எளியவருக்காக எதுவும் செய்ததில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை இல்லை, நண்பரே.

2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் (திருநங்கை, திருநம்பி) உரிமைகள் தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதா, மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. திரும்பப் பெறும்படி அமைச்சர் கேட்டுக்கொண்டும் அவர் பின்வாங்கவில்லை. 45 ஆண்டுகளில் ஏதாவது ஓர் அவை தனிநபர் மசோதா ஒன்றை நிறைவேற்றியது அதுதான் முதல் முறை. கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இட ஒதுக்கீடு அதில் இருந்தது. எனக்கு அதுதான் அதன் உயிர்.

சரி, அது சட்டமானதா? இல்லை, மக்களவையைத் தாண்டவில்லை. 2019இல் சட்டமானது அரசின் சொந்த மசோதா, அதில் இட ஒதுக்கீடு கிடையாது. 'சிவாவின் மசோதாதான் இன்றைய சட்டம்' என்று பதில் போட்டவரும் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் விலைவாசி. 2022 ஜூலை 18 முதல் பாக்கெட் அரிசிக்கும் தயிருக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. எதிர்க்கட்சிகள் விடாமல் கேட்ட பிறகு ஆகஸ்ட் 1 அன்று மக்களவையில் விதி 193இன் கீழ் விவாதம் நடந்தது. அந்த விதியில் வாக்கெடுப்பு இல்லை. ஆனாலும் நிதி அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது.