விவாகரத்து கம்மி, அதனால் குடும்பம் உசத்தியா?

"மேல்நாட்டுக்காரனுக்குக் கல்யாணம் ஒரு விளையாட்டு, நம்மாட்கள் கடைசிவரை சேர்ந்து வாழ்வார்கள்" என்று யாராவது ஆரம்பித்தாலே அலுப்பாக இருக்கிறது. எதிரணியும் சளைத்ததில்லை. "எனக்கு சந்தோஷம் இல்லையென்றால் அடுத்த நிமிஷம் கிளம்பிவிடுவேன்" என்பார்கள், வாடகை வீட்டைக் காலி செய்வதுபோல.

வித்தியாசமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1995இல் ராபர்ட் லெவினும் அவரது சக ஆய்வாளர்களும் பதினோரு நாடுகளின் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். நீங்கள் விரும்பும் எல்லாக் குணமும் ஒருவரிடம் இருக்கிறது, உங்களுக்கு அவர்மேல் காதல் மட்டும் இல்லை, கட்டிக்கொள்வீர்களா? இந்திய மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சரி என்றார்கள். அமெரிக்காவில் நூற்றுக்கு நாலு பேர்கூடத் தேறவில்லை. ஒரு பக்கம், கல்யாணம் முதலில், அன்பு பிறகு. இன்னொரு பக்கம், அன்புதான் அஸ்திவாரமே. இரண்டிலும் நன்றாக வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது, விவாகரத்துக் கணக்கை வைத்து மார்க் போடுவதுதான். ஒரே கூரைக்குக் கீழ் வருஷக்கணக்காக நேருக்கு நேர் பேசாத தம்பதிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "கரண்ட் பில் இன்னும் கட்டலன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." உங்கப்பா அதே ஹாலில், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பார். பிள்ளை திரும்பி அதே வாக்கியத்தை ஒப்பிக்கும். "தெரியும்னு சொல்லு" என்று பதில் வரும். புள்ளிவிவரத்தில் இதுவும் நிலைத்த திருமணம்தான்!

கதவு திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ஆதாரம் இருக்கிறது. யார்மீதும் குற்றம் நிரூபிக்காமலே விவாகரத்து பெறலாம் என்ற சட்டத்தில் 1969இல் கலிஃபோர்னியாவின் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டார். மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. பெட்ஸி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதன் விளைவை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். ஒருவர் மட்டும் கேட்டாலே விவாகரத்து கிடைக்கும் என்றான மாநிலங்களில் பெண்களின் தற்கொலை காலப்போக்கில் 8 முதல் 16 சதவீதம் குறைந்தது. வீட்டு வன்முறை சுமார் 30 சதவீதம் குறைந்தது. பிரிந்து போனவர்களால் மட்டும் வந்த மாற்றமில்லை இது. இவள் நினைத்தால் போய்விட முடியும் என்ற நிலை வந்ததும் சேர்ந்தே இருந்த வீடுகளிலும் அடி குறைந்தது என்பது அவர்கள் வாதம். போக வழியிருந்தும் ஒருவர் இருக்கிறார் என்றால்தான் அதற்குப் பெயர் பிடிப்பு. வழியே இல்லாமல் இருப்பவரைப் பொறுமைசாலி என்று புகழ நமக்கு என்ன உரிமை?

அதற்காக, தன் சந்தோஷமே முக்கியம் என்னும் எதிரணிக்கு என் ஓட்டு என்று நினைக்க வேண்டாம். காதலர், நண்பர், ஆலோசகர், ஊக்கம் தருபவர் என எல்லா வேஷத்தையும் ஒரே ஆள் போட வேண்டும் என்றால் யாரால் முடியும்? அப்புறம், ஒருவர் தன்னைத் தேடிப் புறப்பட்டால் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் போய் நிற்பது இன்னொருவர்தானே. அந்த இன்னொருவரின் நிறைவு எந்தக் கணக்கில் வருகிறது?

அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1997இல் ஒரு காரியம் செய்தது. எளிதில் முறிக்க முடியாத 'உடன்படிக்கைத் திருமணம்' ஒன்றைச் சட்டமாக்கி, வேண்டுமானவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றது. எடுத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு ஓரிருவர்தான். அந்தச் சட்டத்தில் பாதி எனக்கு ஒவ்வாது. ஆனால் திருமணத்துக்கு முன் இருவரும் கட்டாயம் ஆலோசனைக்குப் போக வேண்டும் என்ற ஒரு பிரிவை மட்டும் எந்த ஊரும் தாராளமாக இரவல் வாங்கலாம். எனக்கு எது போனால் தாங்காது, உனக்காக எதை விட்டுத்தர மாட்டேன் என்பதை மூன்றாம் மனிதர் முன்னால் வாய்விட்டுச் சொல்லட்டும். சிலர் அந்த அறையிலேயே வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள். போகட்டுமே, பத்திரிகை அடிப்பதற்கு முன்னால்தானே.