மழைநீருக்கு வழி எங்கே?

எங்கள் தெருவை ஒட்டிய வெற்று நிலத்தில் பல அடுக்குமாடிகளுடன் வரவிருக்கும் வீட்டுத் திட்டத்தைப் பற்றி வெளியான கட்டுரை, வீடுகளின் தேவையைச் சரியாகவே எடுத்துரைக்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. என் கவலை தண்ணீரைப் பற்றியது. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர் நீர் சேரும். இன்று அதில் கணிசமான பகுதியை மண் உறிஞ்சிக்கொள்கிறது. கூரைகளும் கான்கிரீட் தளமும் நிலத்தை மூடிய பிறகு, அதில் பெரும்பகுதி தாழ்வான எங்கள் தெருவை நோக்கியே வரும். இப்போதே அரை மணி நேரம் பலத்த மழை பெய்தால், தெருமுனையிலுள்ள பாதாளச் சாக்கடையின் மூடி நீரின் அழுத்தத்தால் மேலெழும்பி விலகிக் கிடக்கிறது. அதே குழாயில் புதிய வீடுகளின் கழிவுநீரையும் இணைப்பதானால், அதன் கொள்ளளவைக் கணக்கிட்டு முன்கூட்டியே வெளியிட வேண்டும். தண்ணீரைத் தவிர, இத்திட்டத்துக்கான போக்குவரத்துக் கணக்கெடுப்பையும், வாகனங்கள் குறைந்திருக்கும் பள்ளி விடுமுறையில் நடத்தக் கூடாது. திட்டத்திலுள்ள பூங்காவையும் மழைநீர்த் தேக்கத் தொட்டியையும் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளினால், விற்பனை மந்தமானதும் முதலில் கைவிடப்படுபவை அவையாகத்தான் இருக்கும். ஆகவே, முதல் கட்ட வீடுகளுக்கு நிறைவுச் சான்றிதழ் வழங்குவதற்கு முன்பே அவற்றைக் கட்டி முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையை அனுமதி ஆணையிலேயே சேர்க்குமாறு கோருகிறேன்.